எட்டாவது ஆள்

அலுவலகத்தில் என்னை ஓவியர் என்றுதான் சொல்வார்கள். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தர் வேலை எனக்கு. ஆயுத பூஜைக்குக் கரும்பலகையில் சரஸ்வதி வரைவது, ஓய்வு பெறுகிறவருக்கு வாழ்த்து மடலில் பூங்கொத்து போடுவது எல்லாம் என் பொறுப்பு. நான் வரைகிற விதம் எளிது. காலண்டர் படத்தின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு இழுப்பேன். வெள்ளைத் தாளிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போடுவேன். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறதோ அதை அப்படியே இந்தப் பக்கம் இறக்கிவிட்டுக் கடைசியில் கட்டங்களை அழித்துவிடுவேன். பார்க்கிறவர்கள், "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் செய்தித்தாளுக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் மாலை நேரத் தொடர்கல்வி வகுப்பு. ஓவியம், வடிவமைப்பு, புகைப்படம் மூன்றும் சேர்ந்து ஆறு மாதம். காளவாசலில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில், வாரத்தில் இரண்டு நாள் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. மறுநாளே போய்ப் பெயர் கொடுத்தேன். குறைந்தது எட்டுப் பேர் சேர்ந்தால்தான் வகுப்பு தொடங்கும் என்றார் அங்கே உட்கார்ந்திருந்தவர். நான் ஏழாவது.

பத்து நாள் கழித்துப் போய்க் கேட்டேன். ஏழாகவே இருந்தது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், ஆள் வராவிட்டால் இந்த வருஷம் வகுப்பு கிடையாது என்றார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம், "நீயும் ஒரு பேரு குடுத்துரு" என்றேன்.

அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். வில்லாபுரத்தில் எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது அவள்தான். காலை மிதியிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

"நான் வந்து என்னத்தக் கிழிக்கப் போறேன்?"

"ஒண்ணும் கிழிக்க வேணாம். சும்மா வந்து ஒக்காந்தா போதும். ஆளு கணக்குக்குத்தான்."

"பிள்ளைய யாரு பாத்துக்குவா?"

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. பக்கத்து வீட்டு அக்காவின் பிள்ளைகளோடுதான் எந்நேரமும் கிடப்பாள். அக்காவிடம் கேட்டேன். "தாராளமாப் போயிட்டு வாங்க. இங்க நாலு பிள்ளைகளோட அதுவும் ஒண்ணு" என்றார். அப்படித்தான் என் மனைவி எட்டாவது ஆளானாள்.

முதல் நாள் அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஜெய்ஹிந்த்புரம், பழங்காநத்தம் வழியாக மிதித்துக்கொண்டு போனேன். வரைபலகை இரண்டையும் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். எதிர்க்காற்று பலகையில் மோதும்போதெல்லாம் சைக்கிள் ஒரு பக்கமாக இழுத்தது. "பிடிச்சுக்க, பிடிச்சுக்க" என்று நானும், "பைய மிதிங்க" என்று அவளும் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

டீச்சரைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. நூல் புடவை கட்டிய ஒல்லியான பெண். பகலில் வேறொரு பள்ளியில் டிராயிங் டீச்சர். மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் படித்தவர் என்று சொன்னார்கள். மாணவர்கள் எல்லோருமே அவரைவிட மூத்தவர்கள். எல்லாரிலும் மூத்தவர் பரவைப் பக்கத்து விவசாயி ஒருவர்; ஐம்பது தாண்டியவர், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவருக்கு வேண்டியது புகைப்படம் மட்டும். ஆனால் முதல் மூன்று மாதம் ஓவியம் கற்ற பிறகுதான் கேமரா என்று டீச்சர் விதி வைத்திருந்தார்.

"எங்க ஊர்க் கல்யாணத்துல போட்டோக்காரரு எல்லாரையும் வெறைப்பா நிக்க வச்சு எடுக்காரு" என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது அவர் சொன்னார். "சிரிக்கிறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிர்றாரு. வீட்ல அம்புட்டுப் படமும் எழவு வீட்டுப் படம் மாதிரி இருக்கு. சிரிக்கும்போது எடுக்கணும்னு எனக்கு ஆசை. அதுக்குத்தான் வந்தேன்."

என் மனைவியை அவர் முதல் நாளே தங்கச்சி என்று கூப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சின்னு சொல்லிட்டேன், அப்ப நீங்க எனக்கு மாப்ள" என்றார். முறைப்படி நான் அவரை மச்சான் என்று கூப்பிட்டிருக்க வேண்டும். வயதைப் பார்த்து வாய் வரவில்லை. அண்ணே என்றே கூப்பிட்டேன்.

டீச்சர் மேசைமேல் ஒரு மண்சட்டியையும் இரண்டு கத்தரிக்காய்களையும் வைத்து, பக்கத்தில் ஒரு துண்டை அலட்சியமாகப் போட்டார். இதை வரையுங்கள் என்றார். நான் கை தூக்கினேன்.

"கட்டம் போட்டுக்கலாமா டீச்சர்?"

"எதுமேல சார் கட்டம் போடுவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. பரவாயில்லை, வரைந்து காட்டுவோம் என்று தொடங்கினேன். அரை மணி நேரத்தில் சட்டியும் கத்தரிக்காயும் பளபளவென்று வந்தன. கத்தரிக்காயின் வயிற்றில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட விட்டு மினுமினுப்புக் காட்டியிருந்தேன். டீச்சர் வந்து குனிந்து பார்த்தார்.

"கை நல்லாப் பழகியிருக்கு சார். ஆனா இது எந்தக் கத்தரிக்கா?"

"இதுதான் டீச்சர், மேசைல இருக்கிறது."

"அதுல ஒரு பக்கம் பள்ளம் இருக்கு பாருங்க. காம்பு வேற ஒடைஞ்சிருக்கு. நீங்க ஒரு தடவகூட நிமிந்து பாக்கவே இல்லையே."

அது உண்மை. எனக்குத் தெரிந்த கத்தரிக்காயை நான் வரைந்திருந்தேன்.

அடுத்து என் மனைவியின் தாளுக்குப் போனார். அங்கே வெகுநேரம் நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். கோடு நடுங்கியிருந்தது. ஒரு கோட்டுக்குப் பதில் மூன்று கோடு இருந்தது. ஷேடிங் என்று எதுவும் இல்லை. ஆனால் சட்டி மேசையில் உட்கார்ந்திருந்தது. சட்டிக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் எவ்வளவு இடமோ அவ்வளவு இடம்தான் தாளிலும் இருந்தது.

"முன்னாடி வரைஞ்சிருக்கீங்களா அக்கா?"

"இல்ல டீச்சர். ரவிக்கை தைப்பேன்."

"அளவு எப்படிப் பிடிச்சீங்க?"

"ஆள வாசப்படியில பாத்தாலே தோளு எம்புட்டு, கை எம்புட்டுன்னு தெரிஞ்சிரும். நாடா வைக்கிறது அவுகளுக்கு நம்பிக்கை வர்றதுக்குத்தான். அப்பிடித்தான் இதையும் பாத்தேன்."

டீச்சர் அந்தத் தாளை எடுத்துச் சுவரில் ஒட்டினார். திரும்பி வரும்போது சைக்கிளை வேகமாக மிதித்தேன். அவள்தான் பின்னாலிருந்து, "அந்தத் துண்டு மடிப்பு எனக்கு வரவே இல்லங்க. ஒங்களது நல்லா வந்திருந்துச்சு" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அவள் உண்மையாகவே அந்த மடிப்பைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது அடுப்படித் துணியைத் தரையில் போட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மாதத்தில் வீட்டில் கிடைத்த தாளிலெல்லாம் அவள் வரைய ஆரம்பித்தாள். பொத்தானுக்குக் காஜா எடுத்து முடித்த ரவிக்கை, மிஷின் சக்கரம், அடுக்கிவைத்த ஈயப் பாத்திரங்கள், தெருக்குழாயில் வரிசையில் நிற்கும் குடங்கள். பென்சிலைப் பிளேடால் கூராகச் சீவுவதற்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அதற்குமேல் கற்றுக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்பது சீக்கிரமே இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த நாட்களில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு மதியம் எங்கள் மகள் பாயில் தூங்கும்போது அவள் முகத்தை என் மனைவி வரைந்திருந்தாள். மிஷின்மேல் அந்தத் தாளை வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். நான் எடுத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் என்னை என்னவோ செய்தது. புருவங்கள் இரண்டும் ஒன்றுபோல இல்லை, சரிசெய்து கொடுத்தால் என்ன என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, இரண்டு புருவங்களையும் காலண்டர் முருகனுக்குப் போடுவதுபோல வளைத்து வரைந்தேன். இமைக்கும் கொஞ்சம் மை தீட்டினேன். திரும்பி வந்தவள் அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். என்னைப் பார்த்தாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மறுபடியும் முதலிலிருந்து வரைய ஆரம்பித்தாள். பிள்ளை அதற்குள் எழுந்து விளையாடப் போய்விட்டது. நினைவில் இருந்ததை வைத்தே வரைந்தாள்.

இரண்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பரவைச் சந்தைக்குப் போய் வரைவது என்று முடிவாயிற்று. விவசாயி அண்ணன்தான் ஏற்பாடு. "எங்கிட்டு வேணாலும் ஒக்காந்து வரைங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, நான் இருக்கேன்" என்றார். யாரும் ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியுமா? நான் மூட்டைகளுக்கு நடுவில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து பலகையைப் பிரித்ததுமே சுற்றிப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். எதிரில் ஒரு சுமைக்காரர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் போட்டேன். பின்னாலிருந்து ஒருவர் குனிந்து பார்த்து, "யாருண்ணே இது, ஏதும் சாமியாரா?" என்றார். சிரிப்பு எழுந்தது. சுமைக்காரரே எழுந்து வந்து பார்த்துவிட்டு, "நம்மள இல்லப்பா" என்று நிம்மதியாகப் போய்விட்டார். எனக்குக் கை ஓடவில்லை. பலகையை மூடிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வரும்போது என் மனைவி வெங்காயச் சாக்கின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றியும் கூட்டம்தான். ஆனால் யாரும் பேசவில்லை. எதிரே கொத்தமல்லியும் கருவேப்பிலையும் விற்கிற அம்மா ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

"ஏத்தா, வயசக் கூட்டிப் போட்டுறாத" என்றார் அந்த அம்மா.

"இருக்கிறதத்தான் போடுறேன். கொஞ்சம் அங்கிட்டுத் திரும்புங்க."

முடிந்ததும் தாளைத் திருப்பிக் காட்டினாள். அந்த அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து வாங்கினார். "ஆத்தி, எங்க அக்கா மாதிரில்ல இருக்கு" என்றார். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "நான் இப்பிடியா இருக்கேன்?" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் கேட்டார். "அப்பிடியேதான் இருக்க" என்றார் அவர். "கண்ணாடியில இம்புட்டு நேரம் நின்னு யாரு பாத்தா. இத எனக்குத் தருவியா தாயி?" என்றார் கொத்தமல்லி அம்மா.

என் மனைவி யோசிக்கவே இல்லை. கொடுத்துவிட்டாள். பதிலுக்குக் கை கொள்ளாத அளவு கொத்தமல்லியைக் கட்டி மடியில் போட்டார் அந்த அம்மா. திரும்பி வந்த பஸ் முழுக்க அதன் வாசம்தான். "அவ்வளவு நல்லாப் போட்ட படத்த அங்க குடுத்துட்டு வந்துட்டியே, டீச்சர்ட்டக் காட்ட வேணாமா?" என்று சத்தம் போட்டேன். "அவுக மூஞ்சி அது. அவுகதான வச்சுக்கணும்" என்றாள். அத்தனை பேர் நடுவில் என்னால் முடியாததை அவள் சாதாரணமாகச் செய்துவிட்டு வந்த எரிச்சல் எனக்கு. படம் போன வருத்தம் எல்லாம் சாக்குதான்.

அடுத்த வாரம் அவளிடம், சங்கத்தில் ஆடிட் வருகிறது, ஒரு மாதம் எனக்கு வகுப்புக்கு வர ஒழியாது என்றேன்.

"அப்ப நானும் நின்னுக்கிறேன்."

"நீ நின்னா எட்டுப் பேரு ஏழாயிரும்ல. ஒன்னையக் கொண்டாந்து விட்டுட்டு நான் ஆபீஸ் போறேன். ஏழரைக்கு வந்து கூட்டிக்கிறேன்."

நானும் நின்றால் எண்ணிக்கை குறையும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. காளவாசலிலிருந்து அலுவலகத்துக்குப் போய்த் திரும்பவே ஒரு மணி நேரம் ஆகும். அதையும் அவள் யோசிக்க மாட்டாள் என்று எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கிவிட்டுச் சந்திப்பு வரைக்கும் மிதித்துப் போவேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடைக்கு வந்து சைக்கிளைச் சுவரோரம் சாத்துவேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ, ஒரு உளுந்தவடை, பிறகு காலையில் வந்த செய்தித்தாள். படித்ததையே படிப்பேன். பஸ்களும் லாரிகளும் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். ஏழேகாலுக்கு எழுந்து பள்ளி வாசலுக்குப் போய் நிற்பேன். அவள் படியிறங்கி வந்து, "ஆடிட் எப்பிடிப் போகுது?" என்று கேட்பாள். "போகுது, போகுது" என்பேன். இப்படியே மூன்று வாரம் ஓடியது.

நான்காவது வாரம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. டீக்கடையின் கூரை பெஞ்சுக்கு நேர்மேலே ஒழுகியது. ஒதுங்க வேறு இடம் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, மாடிப்படியில் போய் நின்றேன். சாரல் அங்கேயும் அடித்தது. இன்னும் நான்கு படி ஏறினேன். அப்போது ஒழுகுகிற இடத்தில் வாளி வைக்க வெளியே வந்த டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க சார், உள்ள வாங்க. நனையிறீங்களே."

உள்ளே போனேன். மாத முடிவு என்பதால் எல்லோர் படங்களையும் பெஞ்சுகளின்மேல் பரப்பிவைத்திருந்தார்கள். ஆறு மாதம் முடிந்ததும் பள்ளி மண்டபத்தில் கண்காட்சி வைப்பதாகவும், அதற்கு இப்போதிருந்தே தேர்ந்தெடுப்பதாகவும் டீச்சர் சொன்னார். ஜன்னலோரப் பெஞ்சில் என் மனைவியின் தாள்கள் வரிசையாக இருந்தன. குனிந்து பார்த்தேன்.

ஆறு படங்கள். எல்லாவற்றிலும் ஒரே ஆள். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒன்றில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார், கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பாதத்தை மற்றதன் மேல் வைத்திருந்தார். இன்னொன்றில் கடித்த வடையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் தாடை நெஞ்சில் பட உறங்கிக்கொண்டிருந்தார். கடைசிப் படத்தில் நிமிர்ந்து மாடியைப் பார்த்தபடி இருந்தார். அதில் முகம் நன்றாகத் தெரிந்தது.

அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. திருமணப் புகைப்படத்தில் இருப்பது வேறு ஆள். இவர் கொஞ்சம் களைத்தவர். யாரோ தன்னைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறவர் போல இருந்தார். கேலி எதுவும் அந்தக் கோடுகளில் இல்லை.

விவசாயி அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். மெல்லிய குரலில், "மாப்ள, ஆடிட்டு நல்லா நடந்துச்சா?" என்றார். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் அவரவர் தாள்களை மும்முரமாகப் பார்த்தார்கள். என் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு, சீவ வேண்டாத பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் கிளம்பினோம். சாலையெல்லாம் தண்ணீர். சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே நடந்தேன். பலகைகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கூடவே வந்தாள்.

"எப்ப இருந்து தெரியும்?" என்றேன்.

"மொத நாளே. எனக்கு எடமே அந்த ஜன்னலுதான."

"ஏன் கேக்கல?"

"கேட்டா எந்திரிச்சுப் போயிருப்பீங்க. ஆள உக்கார வச்சு வரையணும்னு டீச்சர் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. யாரு வந்து ஒரு மணி நேரம் அசையாம ஒக்காருவா? டியூப்லைட் வெளிச்சம் வேற ஒங்க மேல நல்லா விழுந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு தண்ணீரில் கால் வைக்காமல் ஓரமாக ஒதுங்கி நின்று சொன்னாள்:

"ஒங்களுக்குச் சங்கடமா இருக்குன்னு தெரியும். விட்டுரலாமான்னு ரெண்டு நாளு யோசிச்சேன். மனசு வரல. இம்புட்டு வயசுல எனக்குன்னு ஒண்ணு வந்திருக்கு. கோவிச்சுக்காதீங்க."

அந்த நடுச்சாலையில் அவளிடம் புருவத்தைப் பற்றிச் சொன்னேன். சரிசெய்வதாக நினைத்துச் செய்யவில்லை, கெடுக்கத்தான் செய்தேன் என்றேன்.

"அதுவும் தெரியும்" என்றாள். "நம்ம பிள்ளைக்கு எடது புருவம் கொஞ்சம் ஏறித்தான இருக்கும். ஒங்களுக்கும் அப்பிடித்தான். நீங்க கவனிச்சதே இல்லையா?"

நான் கவனித்ததே இல்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கண்ணாடி முன் போய் நின்றேன். அவள் சொன்னது சரிதான். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தியும் பார்த்தேன். "என்னப்பா பாக்கறீங்க?" என்றது பிள்ளை. "சும்மாதான்" என்றேன்.

அடுத்த வகுப்புக்கு நானும் படியேறினேன். டீச்சர் வழக்கம்போல எனக்கும் ஒரு தாள் கொடுத்தார். வருகைப் பதிவேட்டில் விட்டுப்போன நாட்களுக்கு எதிரே என்ன போட்டிருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். "வெளிவேலை" என்று எழுதியிருந்தார்.

அந்த மாதம்தான் புகைப்படம் தொடங்கியது. பள்ளியின் அறிவியல் கூடத்தை ஒட்டிய சாமான் அறையை டார்க் ரூம் ஆக்கியிருந்தார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒரு சிவப்பு பல்பு, மூன்று தட்டுகளில் மருந்துத் தண்ணீர். டீச்சர் முதல் படத்தை எங்கள் கண்முன் கழுவிக் காட்டினார். வெறும் வெள்ளைத் தாள் தண்ணீருக்குள் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தோள் தெரிந்தது, பிறகு ஒரு காது, பிறகு ஓர் ஆள் முழுதாக வந்து நின்றார். நான் தட்டின்மேல் இன்னும் குனிந்தேன். முப்பத்தாறு வயதில் ஒரு சாமான் அறையில் நின்று அப்படிச் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்க்கவில்லை.

படம் எடுப்பதில் நான் சாதாரணம்தான். ஆனால் கழுவுவது எனக்குக் கைவந்தது. மருந்தின் சூடு, எத்தனை விநாடி, எந்த இடத்தில் வெளிச்சத்தை மறைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பிடித்துப்போயிற்று. எழுத்தர் வேலையில் பழகிய நிதானம் அங்கே உதவியது. விவசாயி அண்ணனுக்கு நேர்மாறு. அவர் யாரிடம் போனாலும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்து, அந்த நொடியில் பொத்தானை அமுக்கிவிடுவார். ஆனால் டார்க் ரூமில் இரண்டு நிமிஷம் பொறுக்க மாட்டார். "வந்துருச்சா? வந்துருச்சா மாப்ள?" என்று தட்டையே ஆட்டிக் கெடுத்துவிடுவார். கடைசியில் அவர் எடுப்பது, நான் கழுவுவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். களத்துமேட்டில் வாய் கொள்ளாமல் சிரிக்கும் பெண்கள், பல் போன வாயோடு சிரிக்கும் அவருடைய மூத்த அண்ணன், மாட்டைக் குளிப்பாட்டும்போது வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே சிரிக்கும் ஒருவர் என்று அவர் நினைத்துவந்த படங்களெல்லாம் ஒவ்வொன்றாக அந்தத் தட்டில் மேலே வந்தன. தன் மனைவி சிரிக்கிற படம் தண்ணீரில் தெரிந்தபோது மட்டும் அவர் தட்டை ஆட்டவில்லை. "கல்யாணமாகி முப்பது வருஷத்துல இது ஒண்ணுதான் அவ சிரிச்ச படம்" என்று பிறகு சொன்னார்.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பள்ளி மண்டபத்தில் கயிறு கட்டித் துணிக் கிளிப் போட்டுப் படங்களைத் தொங்கவிட்டோம். எங்கள் தெருவிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, ரவிக்கை தைக்கக் கொடுக்கும் பெண்கள், பரவையிலிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள் என்று நல்ல கூட்டம். என் அலுவலகத்திலிருந்து மேலாளரும் நான்கு பேரும் வந்தார்கள். மேலாளர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எங்கய்யா ஒம் படம்? நீதான நம்ம ஆபீஸ் ஓவியர்?"

டீக்கடைப் படங்களைக் காட்டினேன். "இந்தா இருக்கேன்ல சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். ஆறு படங்களையும் பார்த்து முடிக்க வெகுநேரமாயிற்று. "நீ உறங்குறது அப்படியே ஆபீஸ்ல உறங்குற மாதிரியே இருக்கு" என்றார். "யாரு போட்டது?"

"என் வீட்ல போட்டது சார்" என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே எங்காவது பழைய எரிச்சல் மிச்சம் இருக்கிறதா என்று தேடியும் பார்த்தேன். ஒரு சிட்டிகை இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மறு வருஷம் வகுப்புக்குப் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். அதில் ஐந்து பேர் எங்கள் தெருப் பெண்கள். டீச்சர் கேட்டுக்கொண்டதால் என் மனைவி வடிவமைப்புப் பாடத்தில் துணி வெட்டும் அளவுகளையும் உடலின் அளவுகளையும் சொல்லிக்கொடுக்கப் போனாள். மேடையில் நின்று பேச மாட்டேன் என்று முதல் நாள் கீழேயே நின்றுகொண்டாளாம். பிறகு ஒரு பெண்ணை எழுந்து நிற்கச் சொல்லி, நாடா இல்லாமல் தோளளவைச் சொல்லி, அப்புறம் நாடா வைத்துக் காட்டினாளாம். அதோடு வகுப்பு அவள் கைக்கு வந்துவிட்டது என்று டீச்சர் சொன்னார். அவள் சாகும்வரை தைப்பதை நிறுத்தப்போவதில்லை, வரைவதையும்தான். இப்போதும் ரவிக்கைத் துணியோடு வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி வரைந்துவிட்டுத்தான் அனுப்புகிறாள். அதற்குச் சம்மதித்தே வருகிறார்கள்.

அந்த வருஷமே டார்க் ரூம் சாவி என்னிடம் வந்தது. கல்யாண மாதங்களில் விவசாயி அண்ணன் ஊர்க் கல்யாணங்களில் எடுத்த பிலிம் சுருள்களோடு சனிக்கிழமை வந்துவிடுவார். ஞாயிறு காலையில் நான் போய்க் கழுவத் தொடங்குவேன். பதினொரு மணிக்கு என் மனைவியும் மகளும் தூக்குவாளியில் எலுமிச்சை சாதம் எடுத்துக்கொண்டு வருவார்கள். மகள் கதவைத் தட்டி, "வரலாமாப்பா?" என்று கேட்பாள். வெளிச்சம் படாமல் தாளையெல்லாம் மூடிவைத்துவிட்டு "வா" என்பேன். ஈரப் படங்களைக் கயிற்றில் மாட்டுவது அவள் வேலை. கயிறு முழுக்க முன்பின் தெரியாதவர்கள் சிரித்துக்கொண்டு தொங்குவார்கள். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சாப்பிட்ட கையோடு மகள் போய்ப் படங்கள் காய்ந்துவிட்டனவா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.